வினாவே பாடமாக: மிசிசிப்பி விடுதலைப் பள்ளிகள்

பள்ளிப் பாடத்திட்டத்தில் குடிமையியல் என்றொரு பகுதி உண்டு. உரிமைகள் இவை, கடமைகள் இவை என எண்ணிட்டுக் காட்டும் அப்பகுதியை மாணவர் மனனம் செய்வர், தேர்வில் எழுதுவர், தேர்வு முடிந்ததும் மறப்பர். உரிமைகளின் பெயரை அறிவது வேறு. உரிமையைக் கையாளும் துணிவும் பக்குவமும் பெறுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க இளையோர்க்குக் கற்பிக்க இயலுமா? இயலுமெனில், அக்கல்வியால் அவர்களுக்கு நேரும் இடருக்குப் பொறுப்பேற்பவர் யார்? 1964ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பி மாநிலத்தில் நடைபெற்ற 'விடுதலைப் பள்ளிகள்' இவ்விரு வினாக்களையும் நேருக்கு நேர் சந்தித்தன. பெரும்பாலும் சில வாரங்களே இயங்கிய அப்பள்ளிகளின் வரலாறு, கல்வி வரலாற்றில் மட்டுமன்றி இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறத் தக்கதாகும்.

அடைத்த வாயில்கள்

1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசிசிப்பியில் நூற்றுக்கு 42 பேர் கறுப்பினத்தவர். ஆயினும் அடுத்த சில ஆண்டுகளிலும் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களுள் நூற்றுக்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்களை விலக்கி வைக்கச் சட்டமே வழி செய்து தந்தது. வாக்காளராகப் பதிவு செய்ய வருபவர் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவை எழுதி, அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். எந்தப் பிரிவு என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வெள்ளையரான பதிவு அலுவலர். விளக்கம் சரியா, தவறா எனத் தீர்மானிப்பவரும் அவரே. பதிவு செய்ய முயன்றவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வெளியிடப்பட்டன. அதனைக் கண்ட முதலாளி வேலையை விட்டு நீக்குவார். பண்ணை உடைமையாளர் குடியிருக்கும் வீட்டை விட்டு வெளியேற்றுவார்.

கல்வியின் நிலையும் இதனின் வேறன்று. பொதுப்பள்ளிகளில் இனப் பாகுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஆனால் பத்தாண்டுகள் கழிந்த பின்னும், 1964ஆம் ஆண்டுக் கோடை வரை, மிசிசிப்பியின் பொதுப்பள்ளிகளில் கறுப்பினக் குழந்தையும் வெள்ளையினக் குழந்தையும் ஒரே வகுப்பில் அமரவில்லை. தீர்ப்புக்கு எதிர்வினையாக 1956இல் கட்டாயப் பள்ளி வருகைச் சட்டத்தையே அம்மாநிலம் நீக்கிவிட்டது. வெள்ளை மாணவர் ஒருவருக்குச் செலவிடப்பட்ட தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கறுப்பின மாணவருக்குச் செலவிடப்பட்டது. பருத்தி விளையும் டெல்டா வட்டாரங்களில் அறுவடைக் காலத்தை ஒட்டியே கறுப்பினப் பள்ளிகள் திறப்பதும் மூடுவதும் அமைந்தன. அப்பள்ளிகளின் ஆசிரியர்களோ வெள்ளையர் ஆளும் கல்விக் குழுவின் கீழ்ப் பணிபுரிந்தனர். வாக்குரிமை பற்றி வகுப்பில் ஒரு சொல் பேசினாலும் வேலை போய்விடும் என்ற அச்சம் அவர்களை வாய்மூடச் செய்தது. ஆசிரியர் பேச அஞ்சும் இடத்தில் மாணவர் கேட்கவும் அஞ்சுவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

மெக்கோம் நகரில் ஒரு முன்னோட்டம்

விடுதலைப் பள்ளி என்னும் கருத்து திடீரெனத் தோன்றியதன்று. 1961ஆம் ஆண்டு மெக்கோம் நகரின் பேருந்து நிலையத்தில் வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் அமர்ந்தமைக்காகக் கறுப்பின மாணவி ஒருவர் சிறைப்பட்டார்; விடுதலையான பின் பள்ளி அவரை மீண்டும் சேர்க்க மறுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பர்க்லண்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் சென்றனர். இனிப் போராட்டங்களில் ஈடுபடமாட்டோம் என எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிக்குள் இடம் என நிருவாகம் கூறியது. மாணவர் பலர் கையெழுத்திட மறுத்தனர்.

வெளியே நின்ற அம்மாணவர்களுக்காக, 'மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு' என்னும் அமைப்பைச் சேர்ந்த பாப் மோசஸ், சார்லஸ் மெக்டியூ முதலியோர் கணிதமும் வரலாறும் அறிவியலும் கற்பிக்கத் தொடங்கினர். அதற்கு 'வன்முறையற்ற உயர்நிலைப் பள்ளி' எனப் பெயரும் வழங்கிற்று. ஆசிரியர்கள் சிறை செல்லவே அப்பள்ளி சில வாரங்களில் முடிவுற்றது. எனினும், உரிமைக்காகப் பள்ளியை இழந்தவர்க்கு உரிமையையே அடிப்படையாகக் கொண்ட மற்றொரு பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் அங்கே விதையாயிற்று.

காபின் திட்டம்

1963 டிசம்பரில் அவ்விதை திட்டமாக முளைத்தது. ஹோவர்டு பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு மிசிசிப்பியில் களப்பணி ஆற்றிவந்த சார்லஸ் காப் என்னும் இருபது வயது இளைஞர், மறு கோடையில் 'விடுதலைப் பள்ளிகள்' நடத்தலாம் என்று எழுத்து வடிவில் ஒரு முன்மொழிவை அளித்தார். மிசிசிப்பிப் பள்ளிகளின் குறை கட்டடமும் நூலும் மட்டுமல்ல. மாணவரின் சிந்தனையும் படைப்பாற்றலும் வெறுமையில் விடப்பட்டிருப்பதே பெருங்குறை என்பது அவர் கண்ட முடிவு. தங்கள் விருப்பங்களையும் கோரிக்கைகளையும் வினாக்களையும் இளையோர் தாமே சொற்களில் வடிக்கப் பழக வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1964 மார்ச்சில் நியூயார்க்கில் கூடிய கல்வியாளர் மாநாடு இதற்கான பாடத்திட்டத்தை உருவாக்கியது. அதன் உயிர்நாடி 'குடிமைப் பாடத்திட்டம்' என்னும் பகுதியாகும். வழக்கமான பாடநூலைப் போல அது விடைகளை அடுக்கவில்லை, வினாக்களையே அடுக்கியது. தாங்கள் அப்பள்ளிக்கு ஏன் வந்துள்ளனர் என்பது முதல் வினா. விடுதலை இயக்கம் என்பது யாது, அது காட்டும் மாற்று வழிகள் யாவை என்பன அடுத்தவை. வெள்ளையர் வாழ்க்கை முறையில் தாங்கள் பெற விரும்புவது எது, வேண்டாமென ஒதுக்குவது எது, தங்களிடம் உள்ளவற்றுள் காத்துக்கொள்ள வேண்டியது எது என்பன துணை வினாக்கள். இறுதியாகக் கூறப்பட்ட வினா ஆழ்ந்து நோக்கத்தக்கது. இழந்தவற்றை மட்டுமே எண்ணி ஏங்காமல், தம் மரபில் உள்ள செல்வத்தையும் அறிந்த பின்னரே ஒருவர் நிமிர்ந்து நின்று உரிமை கேட்க இயலும் என்னும் தெளிவு அதில் அடங்கியுள்ளது.

மாணாக்கன் கடமைகளுள் வினாவுதலையும், வினவியவற்றுக்கு விடையளித்தலையும் சேர்த்துக் கூறும் நன்னூல். அறியாமை நீங்கும் வழியாக அந்நூல் கண்ட ஒன்று, மிசிசிப்பியில் அடிமைத்தனம் நீங்கும் வழியாகவும் ஆயிற்று எனலாம்.

மூவர் மறைந்த வாரம்

விடுதலைப் பள்ளிகளின் இயக்குநராக, அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் ஸ்டாட்டன் லிண்ட் பொறுப்பேற்றார். அக்கோடை இயக்கத்தில் பங்கேற்க வந்த தொண்டர்கள் ஏறத்தாழ ஆயிரவர். பெரும்பாலோர் வடமாநிலங்களின் வெள்ளையினக் கல்லூரி மாணவர். ஓஹியோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு நகரில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

ஆசிரியத் தொண்டர்கள் பயிற்சிக்குக் கூடிய அந்நாளிலேயே, அதாவது 1964 ஜூன் 21ஆம் நாள், மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத்தில் மூன்று இளைஞர் காணாமற்போயினர். மெரிடியன் நகரைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஜேம்ஸ் சேனிக்கு வயது 21. நியூயார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ குட்மனுக்கு 20. மைக்கேல் ஷ்வெர்னருக்கு 24. விடுதலைப் பள்ளி நடத்த இடந்தர இசைந்திருந்த மவுண்ட் சயான் தேவாலயம் சில நாள் முன்பு எரிக்கப்பட்டது. அதனைக் காணச் சென்றவர்களே அம்மூவரும். ஒரு பள்ளிக்காக, அது தொடங்கும் முன்னரே, மூன்று உயிர்கள் பறிக்கப்பட்டன. அவர்தம் உடல்கள் ஆகஸ்டு 4ஆம் நாள் பிலடெல்பியா என்னும் ஊருக்கருகே ஒரு மண் அணையின் அடியிலிருந்து எடுக்கப்பட்டன.

மூவர் மறைந்த செய்தியைப் பயிற்சியில் இருந்தோர்க்கு அறிவித்த பாப் மோசஸ், ஊர் திரும்ப எண்ணுவோர் திரும்பலாம் என்றும் கூறினார். திரும்பியோர் மிகச் சிலரே. ஆயினும் ஆசிரியர் எடுத்த முடிவைக் காட்டிலும் பெரியது, அச்செய்தியை அறிந்த பின்னும் தம் பிள்ளைகளை விடுதலைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் முடிவாகும். ஆசிரியர் கோடை முடிந்ததும் ஊர் திரும்புவர். பெற்றோரும் பிள்ளைகளும் அங்கேயே வாழ வேண்டியவர்கள்.

வகுப்பறைகள்

ஜூலை முதல் வாரத்தில் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆயிரம் மாணவர் வருவர் என எதிர்பார்க்கப்பட்டது. வந்தோர் இரண்டாயிரத்தைக் கடந்தனர். பள்ளிகளும் நாற்பதுக்கு மேற்பட்டன. தேவாலயத்தின் அடித்தளம், வீட்டுத் திண்ணை, மரநிழல் ஆகியன வகுப்பறைகளாயின. ஹேட்டிஸ்பர்க் நகரில் மட்டும் அறுநூற்றுவருக்கு மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். இளையோர்க்கெனத் தொடங்கிய பள்ளியில், வாக்காளர் படிவத்தை நிரப்பக் கற்பதற்காக எண்பது வயதைக் கடந்த முதியவரும் வந்து சேர்ந்தார்.

காலையில் குடிமைப் பாடமும் கறுப்பின மக்களின் வரலாறும் நடந்தன. பிற்பகலில் மாணவர் விரும்பிய பாடங்கள் நடந்தன. பிரெஞ்சு மொழி வேண்டுமெனப் பலர் கேட்டனர். வெள்ளையர் பள்ளியில் கிடைத்த அப்பாடம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தட்டச்சு கற்றனர், அத்தட்டச்சைக் கொண்டே இதழ் நடத்தவும் கற்றனர். மெக்கோம் மாணவர் தம் இதழுக்கு 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' எனப் பெயரிட்டனர். அமெரிக்கக் கறுப்பினத்தவர் 1827இல் தொடங்கிய முதல் செய்தித்தாளின் பெயர் அது. ஹோலி ஸ்பிரிங்ஸ் மாணவர், 1963 ஜூனில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்ட உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் வாழ்வை நாடகமாக இயற்றி நடித்தனர்.

கவிதை திறந்த கதவு

மெக்கோமில் நிகழ்ந்தது இலக்கிய அன்பர் உள்ளத்தில் நிறுத்தத்தக்க நிகழ்ச்சியாகும். ஜூலை 8ஆம் நாள் அந்நகரில் தொண்டர் தங்கியிருந்த வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. இதனால் அஞ்சிய தேவாலயத்தார் பள்ளிக்கு இடந்தரத் தயங்கினர். வகுப்புகள் வெட்டவெளியில், புல்தரையில் நடந்தன. அந்நிலையில் மாணவி ஒருவர் 'சுதந்திரத்தின் இல்லம்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். தாங்கள் நாடி வந்தது செல்வமோ புகழோ அன்று என்பதைச் சொல்லி, பெரியோரின் அச்சத்தை நோக்கி இளையோர் குரலில் அக்கவிதை பேசியது. அது பெரியோரிடையே படித்துக் காட்டப்பட்டது. அதன்பின் தேவாலயம் ஒன்றின் கதவு பள்ளிக்குத் திறந்தது. மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

குண்டுக்கு அஞ்சிய பெரியோரை அச்சிறுமி இழித்துரைக்கவில்லை, நாணச் செய்தார். அறிவுரையும் வேண்டுகோளும் செய்ய இயலாததைக் கவிதை செய்தது என்று மட்டும் கூறி அமைதல் போதாது. கருத்தை உரைத்தல் என்னும் உரிமையைப் பற்றி அவர் படித்தது வகுப்பில்; அவ்வுரிமையை முதன்முதலாகக் கையாண்டதோ தம் சொந்த மக்களை நோக்கி. குடிமையின் கடினமான பாடம் இதுவேயாகும். பகைவரை எதிர்த்துப் பேசுவதினும் உறவினர் முன் எழுந்து பேசுவது அரிது.

விடுதலைப் பள்ளி மாணவர் எழுதிய கவிதைகள் 1965இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. அத்தொகுப்புக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் முன்னுரை அளித்தார்.

நூலகமும் உணவுக்கூடமும்

1964 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கூடம், தங்கும் விடுதி முதலிய பொது இடங்களில் இனப் பாகுபாடு காட்டுதலை அது தடை செய்தது. சட்டம் வந்துவிட்டது, அது தம் ஊருக்கும் வந்துவிட்டதா என்று அறிய விழைந்தனர் ஹேட்டிஸ்பர்க் மாணவர்.

ஆகஸ்டு 14ஆம் நாள், சாண்ட்ரா ஆடிக்ஸ் என்னும் வெள்ளையின ஆசிரியரும் அவர்தம் கறுப்பின மாணவர் அறுவரும் நகரப் பொது நூலகத்துக்குச் சென்றனர். நூலகர் மாணவரை அனுமதிக்க மறுத்தார். அவர்கள் வெளியேறாமையால் காவல் துறைத் தலைவர் வரவழைக்கப்பட்டார். நூலகம் மூடப்பட்டது என அறிவித்து அவர் அனைவரையும் வெளியேற்றினார். கறுப்பினச் சிறார் நூலைத் தொடுவதைக் காட்டிலும் எவரும் படியாதிருப்பது நன்று என ஒரு நகரம் முடிவு செய்தது! பின்னர் அவர்கள் ஓர் அங்காடியின் உணவுப் பகுதிக்குச் சென்றனர். பணிப்பெண் மாணவர்க்கு உணவு தர முன்வந்தார், ஆசிரியர்க்கு மறுத்தார். கறுப்பினத்தவரோடு வந்த வெள்ளையர் என்பதே அவர்மேல் சுமத்தப்பட்ட குறை. வெளியே வந்ததும், வேலையின்றித் திரிந்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. வழக்கைத் தொடர்ந்து நடத்த அவருக்கு உரிமை உண்டு என 1970இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது.

இளையோர் வரைந்த சட்டம்

ஜேம்ஸ் சேனியின் இறுதிச் சடங்கு ஆகஸ்டு 7ஆம் நாள் மெரிடியனில் நடைபெற்றது. அவ்வார இறுதியிலேயே அந்நகரில் விடுதலைப் பள்ளிகளின் மாநாடு கூடியது. பல பள்ளிகளிலிருந்தும் மாணவரே பேராளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தனர். குழுக்களாகப் பிரிந்து வாதிட்டு, தீர்மானங்களை முன்மொழிந்து, வாக்கெடுத்து, ஒரு கொள்கை அறிக்கையை உருவாக்கினர். வீட்டு வசதி, கல்வி, உடல்நலம், வேலைவாய்ப்பு, பண்ணை முறை, அயல்நாட்டு உறவு, குடியுரிமைகள், வாக்குரிமை எனப் பல தலைப்புகள் அதில் இடம்பெற்றன. பாமர்ஸ் கிராசிங் என்னும் சிற்றூரின் மாணவர், 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைச் சாற்றுரையை முன்மாதிரியாகக் கொண்டு, தமக்கென ஒரு விடுதலைச் சாற்றுரையே வரைந்தனர்.

தந்தையும் தாயும் வாக்களிக்க இயலாத மாநிலத்தில், வாக்களிக்கும் வயது எய்தாத பிள்ளைகள் ஒரு சட்டமன்றம் செய்ய வேண்டிய பணியைச் செய்து காட்டினர்.

ஒரு பேட்ஜின் பயணம்

கோடை முடிந்தது. தொண்டருள் பலர் ஊர் திரும்பினர். கற்ற பாடம் நின்றதா என்பதைக் காட்டும் நிகழ்ச்சி, மூவர் உடல்களும் எடுக்கப்பட்ட அதே பிலடெல்பியா ஊரில் செப்டம்பரில் நடந்தது. உடல்கள் கிடைத்து ஏழு வாரமே ஆகியிருந்தது. அவ்வூரின் கறுப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் 'ஒரு மனிதர், ஒரு வாக்கு' எனப் பொருள்படும் சொற்கள் பொறித்த பேட்ஜைச் சட்டையில் குத்திச் சென்றனர். பள்ளி அதனைத் தடை செய்தது. முதலில் மூன்று நான்கு பேரே அணிந்தனர். தடைக்குப் பின் முப்பது நாற்பது பேர் அணிந்து வந்தனர். பள்ளி அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர்.

1966 ஜூலையில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளியின் ஒழுங்குக்குக் கணிசமான இடையூறு விளைந்தாலன்றி மாணவரின் கருத்துரிமையைத் தடுக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே நாளில் அதே நீதிமன்றம், இசக்வீனா மாவட்டத்தின் இத்தகைய வழக்கொன்றில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே மாணவர் வகுப்புகளில் இரைச்சலிட்டதோடு, விரும்பாத மாணவர் மீதும் பேட்ஜைக் குத்தினர் என்பது காரணம். தன் சட்டையில் குத்திக்கொள்வது உரிமை. பிறர் சட்டையில் வலிந்து குத்துவது உரிமையன்று. குடிமையியல் நூல்கள் பல பக்கங்களில் கூற முயலும் எல்லைக்கோட்டை இவ்விரு தீர்ப்புகளும் ஒரு பேட்ஜைக் கொண்டே வரைந்து காட்டிவிட்டன.

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகர மாணவர் சிலர் வியட்நாம் போரில் மாண்டோர்க்காக வருந்தியும் போர் நிறுத்தம் வேண்டியும் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளி சென்று இடைநீக்கம் பெற்றனர். அவ்வழக்கில் 1969 பிப்ரவரி 24ஆம் நாள், ஏழு நீதிபதிகள் ஆதரிக்க, இருவர் மாறுபட, உச்சநீதிமன்றம் மாணவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பள்ளி வாயிலைக் கடப்பதால் எவரும் தம் பேச்சுரிமையை இழப்பதில்லை என அம்மன்றம் கூறியது. அதற்கு அம்மன்றம் கைக்கொண்ட அளவுகோல், பிலடெல்பியாப் பிள்ளைகளின் பேட்ஜ் வழக்கு தந்த அளவுகோலேயாகும். பிற்காலத் தீர்ப்புகள், குறிப்பாகப் பள்ளி இதழ்கள் பற்றிய 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இவ்வுரிமையைச் சுருக்கின. எனினும் அடிப்படை நிலைத்தது.

நிறையும் விலையும்

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவாக இருந்த மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் நூற்றுக்கு 60 என்னும் அளவை நெருங்கியது. இவ்வளர்ச்சி முழுவதையும் விடுதலைப் பள்ளிகளுக்கே உரித்தாக்குதல் மிகையாகும். பல்லாண்டுப் போராட்டமும் எண்ணற்றோர் ஈகமும் அதன் பின்னே உள்ளன. மறுபுறம், நீதியோ மெல்லவே வந்தது. மூவர் கொலையில் முதன்மைப் பங்கு கொண்டவன் மீது மிசிசிப்பி மாநில நீதிமன்றம் குற்றத் தீர்ப்பு வழங்கியது 2005 ஜூன் 21ஆம் நாள். கொலை நடந்து நாற்பத்தோராண்டு நிறைந்த நாள் அது.

இத்தகைய இடரின் நடுவே இளையோரை நிறுத்தியது தகுமா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவை ஒதுக்கிவிடல் ஆகாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மிசிசிப்பியின் கறுப்பினப் பிள்ளைகள் விடுதலைப் பள்ளிக்கு வந்த பிறகு இடருக்கு ஆளானவர் அல்லர்; அதற்குள்ளேயே பிறந்தவர். அப்பள்ளி அவர்களுக்குப் புதிதாகத் தந்தது அவ்விடருக்கு ஒரு பெயர், அதனை வினவச் சொற்கள், உடன் நின்று வினவத் துணை ஆகிய மூன்றுமேயாம். ஆசிரியரும் வெளியே நின்று ஏவவில்லை; மாணவரோடு உடன் நடந்தனர்; உடன் சிறை புகுந்தனர். தான் ஏற்காத இடரை மாணவர் ஏற்கச் சொல்லும் ஆசிரியருக்குக் குடிமை கற்பிக்கும் தகுதி இல்லை என்பது அக்கோடை விட்டுச்சென்ற இலக்கணம்.

இளையோர்க்கு உரிமைகளைக் கற்பிக்க விழைவோர் பட்டியலோடு தொடங்கத் தேவையில்லை. தாங்கள் இங்கு ஏன் வந்துள்ளனர் என்று அவர்களையே சொல்லச் செய்து, அவர்கள் கூறும் விடை தமக்கு உவப்பில்லாததாயினும் இருந்து கேட்கும் பொறுமை பெற்றாலே போதும். மெக்கோம் பெரியோர் ஒரு சிறுமியின் கவிதையை இறுதிவரை கேட்டனர். கேட்ட பிறகே கதவு திறந்தது.